சில மேம்பாடுகள் செய்யப்பட்டுள்ளன

அந்த வரியை எழுதியவள் நான்தான். மூன்று சொற்கள். ஒரு புதன்கிழமை மதியம், டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தை ஒரு கையால் சாப்பிட்டபடி மறுகையால் தட்டினேன். திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டுக் கை கழுவப் போனேன்.

நாகர்கோவிலில் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். 'கரைக்கண்' என்ற இணையதளத்தை அங்கிருந்துதான் நடத்தினோம். ஆழ்கடலுக்குப் போகும் படகுகளில் எங்கள் பெட்டி ஒன்று இருக்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அது தான் இருக்கும் இடத்தைத் செயற்கைக்கோளுக்குச் சொல்லும். கரையில் இருப்பவர்களின் திரையில், நீலத்தின் மேல், ஒரு பச்சைப் புள்ளி கொஞ்சம் நகரும். முப்பது நாள், நாற்பது நாள் கடலில் தங்கி மீன் பிடிப்பவர்களின் வீடுகளில் அந்தப் புள்ளிதான் கணவன், அப்பா, மகன். தளத்தில் தமிழில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் என் வேலை. பொத்தான்களின் பெயர்கள், பிழைச் செய்திகள், அறிவிப்புகள். எனக்குக் கடல் தெரியாது. ஆனால் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும். சில மதியங்களில் அரபிக்கடலின் நடுவே ஒரு தனிப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அந்தப் படகில் இப்போது என்ன குழம்பு கொதிக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

அதுவரை, சிக்னல் அறுந்தால் புள்ளி மறைந்துவிடும். திரும்பக் கிடைத்தால் திரும்ப வரும். அதை மாற்றப்போவதாக எங்கள் மேலாளர் வேலப்பன் சார் வந்து சொன்னார்.

"இனி புள்ளி மறையாது அபிஷா. சிக்னல் போனாலும் ஓடும்."

"எப்டி சார் ஓடும்?"

"ஒரு ஸ்ராங்கு பன்னெண்டு வருசமா எந்த மாசம் எங்க போனாரு, எங்க வலை விட்டாரு, எத்தனை நாளுல திரும்பினாரு, எல்லாம் நம்மகிட்ட கெடக்கு." படகை ஓட்டும் தலைவனைத்தான் இந்தக் கரையில் ஸ்ராங்கு என்பார்கள். "மிசினு அதைப் படிச்சாச்சு. சிக்னல் இல்லாத நேரம் அந்த ஆளு என்ன செய்வாரோ, அதை அதுவே செஞ்சு காட்டும்."

"அப்ப அது ஊகம்தானே சார். வேற நிறம் குடுக்கலாமே."

"குடுத்தா போன் வரும். எனக்க வீட்டுக்காரரு மட்டும் ஏன் மஞ்சளா இருக்காருன்னு. இப்பவே ஒரு நாளைக்கு நானூறு போன், முக்கால்வாசி அழுகை. ரெண்டு ஊருல சோதிச்சுப் பாத்தோம். போன் முப்பதா குறைஞ்சாச்சு. அந்தப் பொம்பளைங்க தூங்குறாங்க தாயி. அது தப்பா?"

அவர் கெட்டவர் அல்ல. உதவி எண்ணுக்கு வரும் அழுகைகளை ஒரு மாதம் தானே உட்கார்ந்து கேட்டவர்.

"என்னன்னு எழுதணும் சார்?"

"விரிவா ஒண்ணும் வேண்டாம். ஒரு வரி போடு."

போட்டேன்.

தொலைபேசிகள் ஓய்ந்தன. அந்த அமைதியில் எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன், வந்து உட்காருவேன், மறுபடி எழுவேன். அறிவிப்பின் கீழே ஆட்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். என்ன மேம்பாடு? எதை மாத்தினீங்க? புரியும்படி சொல்லுங்க. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் போடுவதற்கு எனக்கு ஒரே பதில் தரப்பட்டிருந்தது: உங்கள் கருத்துக்கு நன்றி. மேலத்துறை ஜெசிந்தா என்பவர் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டிருந்தார். மூன்று முறையும் நன்றி சொன்னேன்.

ஐந்து வாரம் கழித்து அவர் நேரில் வந்தார்.

காலை பதினொரு மணி. இரண்டு பேர். முன்னால் வந்தவள் பேச்சுக்காரி என்று படி ஏறும்போதே தெரிந்தது. "பாத்துக்க சேச்சி, இந்தக் குளிருல இருந்தாக்கும் நம்ம கடலைப் பாக்கினும்" என்று எங்கள் ஏசியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் பெயர் ஷைனி. பின்னால் வந்தவர் நாற்பது வயதுக்காரி, ஒல்லி, கையில் செல்போனை ஒரு பாத்திரம் மாதிரி ஏந்திப் பிடித்திருந்தார். உள்ளே என்னவோ தளும்புவது போல.

"கரைக்கண்ணுல எழுதுற பிள்ளை நீயாக்குமா?"

"ஆமாக்கா."

"நான் ஜெசிந்தா. மூணு மட்டம் நன்றி சொன்னியே."

செல்போனை என் மேசைமேல் வைத்தார். படம் விரிந்திருந்தது. 'அலங்கார மாதா' என்ற பெயரோடு ஒரு பச்சைப் புள்ளி.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. இது அவரா, நீங்களா?"

எனக்கு உடனே புரிந்தது. புரியாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். "என்னக்கா கேக்குறீங்க?"

ஷைனி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "விளக்கமா சொல்லு சேச்சி. இவியளுக்கு விளக்கமா சொல்லணும். நம்மகிட்டத்தான் ஒரு வரியில சொல்லுவினும்."

ஜெசிந்தா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். நல்ல மீன் உள்ள இடம் கிடைத்தால் எந்த ஸ்ராங்கும் முதலில் செய்வது பெட்டியை அணைப்பது. புள்ளி அங்கே நின்றால் மற்ற படகுகள் பார்த்துவிடும், சில மணி நேரத்தில் வந்து சூழ்ந்துவிடும். அதனால் ஒளிவார்கள். ஆளுக்கொரு கணக்கு உண்டு. கிளீற்றஸ் என்பவர் அரை நாள் ஒளிவார். ஜெசிந்தாவின் கணவர் சிலுவைதாசன் பதினெட்டு மணி நேரம்.

"எங்க ஊரு பொம்பளையளுக்கு ஒரு வாட்சாப் குரூப் உண்டு. புள்ளி மறைஞ்சா வீட்டுக்காரி எழுதுவா, ஒளிஞ்சாச்சுன்னு. மத்தவ எல்லாரும் எழுதுவோம், மீன் கிட்டட்டும்னு. அவ்வளவுதான். அதுக்குப் பெறவு நேரம் எண்ணுவோம். பதினெட்டு மணி நேரம் முப்பத்தாறாச்சுன்னா, நேரா சர்ச்சுக்கு, பங்குச் சாமிகிட்டப் போவோம். சாமி போன் போடுவாரு, தேடப் போவினும். ரெண்டு வருசம் முன்ன அப்படித்தான் ஷைனிக்க அண்ணனைக் கொண்டுவந்தது."

"மறையுறது எங்களுக்கு ஒரு சேதியாக்கும்," என்றாள் ஷைனி. "நீங்க நெனச்சீங்க நாங்க பயந்து அழுவோம்னு. அழுவோம்தான். அழுதுட்டே எண்ணவும் செய்வோம்."

இப்போது ஐந்து வாரமாக எந்தப் புள்ளியும் மறையவில்லை. முதலில் குழுவில் கேலி பேசிக்கொண்டார்களாம். ஆண்கள் திருந்திவிட்டார்கள், ஒளித்து விளையாட வயதில்லை என்று. பிறகு, மீன் இல்லை போலிருக்கிறது, அதனால்தான் ஒளியவில்லை என்று முடிவு செய்தார்கள்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றார் ஜெசிந்தா. "பாவம், இந்த மட்டம் அவருக்கு ஒண்ணும் கிட்டேல்லன்னு. வந்தா திட்டப்பிடாதுன்னு நெனச்சேன். நேத்து கிளீற்றஸுக்க போட்டு கரைக்கு வந்து சேந்துது. கடலுக்கடியில பாறை கெடக்குற அந்தப் பாருக்க மேல்பக்கத்துல நின்னு கேரை மீனு வாரிக்கிட்டு வந்திருக்கினும், கொள்ளாத அளவு. இந்தா பாரு, அவருக்க புள்ளிக்குப் பக்கத்துல எனக்க மாப்பிளைக்க புள்ளி. ரெண்டு நாளு நின்னிருக்கு. கிளீற்றஸ்ட்ட கேட்டேன், அவரைப் பாத்தீங்களான்னு. அந்தப் பக்கமே ஒரு போட்டு இல்லன்னாரு."

அவர் விரல் அந்தப் புள்ளிக்கு அருகே வந்து, தொடாமல் நின்றது.

"மீன் உள்ள இடத்துல நிக்காரு. ஒளியேல்ல. பதினாறு வருசத்துல எனக்க மாப்பிளை அப்படி நின்னதில்ல பிள்ளே. இதுக்கு அவருக்க நடை தெரியுது. ஒளிய மட்டும் தெரியேல்ல."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பெட்டி அணைந்திருந்த நேரங்களில் எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை. இயந்திரம் பதிவுகளை மட்டுமே படித்தது. சிலுவைதாசன் எங்கே போவார், எங்கே நிற்பார், எப்போது திரும்புவார் எல்லாம் அதற்குத் தெரியும். அவர் காணாமல் போன மணிநேரங்களை அது பார்த்ததே இல்லை. ஆகவே காணாமல் போக அது கற்றுக்கொள்ளவில்லை.

உள் பதிவைத் திறந்தேன். அதைப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு, பார்த்துச் சொல்ல அனுமதி இல்லை. அலங்கார மாதாவின் பெட்டியிலிருந்து கடைசிச் சிக்னல் வந்தது போன வியாழன், காலை நான்கு நாற்பதுக்கு. கிளீற்றஸ் நின்ற இடத்துக்கு நூற்றிருபது கடல்மைல் தெற்கே. அன்று புதன். ஆறு நாட்களாக அந்தப் புள்ளியை நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

"ஒரு நிமிசம்கா" என்று சொல்லிவிட்டு வேலப்பன் சாரின் அறைக்குப் போனேன். அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"பெட்டி பழுதா இருக்கலாம்."

"இருக்கலாம் சார். ஆனா அந்தப் புள்ளி அவரு இல்ல. அதை அவங்ககிட்ட சொல்லணும்."

"பெங்களூரு தலைமை ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம். வக்கீலு பாக்கணும். நாளைக்குக் காலையில முறையா சொல்லுவோம்."

"சார், தேடப் போறவங்களும் இதே படத்தைத்தான் பாக்காங்க. போட்டு நல்லா ஓடிட்டு இருக்குன்னு நெனச்சிட்டு இருப்பாங்க."

"நான் இல்லன்னு சொல்லேல்ல தாயி. நாளைக்குன்னுதான் சொன்னேன்."

கதவின் கண்ணாடி வழியாக ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவர் இன்னும் உட்காரவில்லை. வெளியே வந்தேன். நடக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று தெரிந்தது, மேசையை அடைந்தால் பயம் வந்துவிடும்.

"அது அவரு இல்லக்கா. நாங்க."

ஷைனி சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெசிந்தா தலையசைத்தார், யாரோ விலாசம் சொன்னதைக் கேட்டுக்கொள்வது மாதிரி. "எப்ப முதலு?"

"வியாழக்கிழமை காலையில இருந்து." கடைசி இடத்தின் எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, இரண்டு முறை வாய்விட்டுப் படித்து, சரிதானா என்று கேட்டு, படியிறங்கும்போதே சாமிக்குப் போன் போட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை கண்டுபிடித்தார்கள். நான் கொடுத்த இடத்திலிருந்து நீரோட்டம் இழுத்துப்போன திசையில், கவிழ்ந்து மிதந்த படகின் அடிப்பக்கத்தில் ஐந்து பேர் கிடந்தார்கள். இருட்டில் ஏதோ கப்பல் இடித்துவிட்டுப் போயிருக்கிறது. ஒன்பது பேரில் மூவர் இடித்த அன்றே போய்விட்டார்கள். ஷைனிதான் எனக்குப் போன் செய்தாள். அவள் குரலில் அன்று கேலி இல்லை.

"அஞ்சு பேரு உயிரோட இருக்கினும் பிள்ளே."

"ஸ்ராங்கு?"



"செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருந்தாராம். மத்தவியளைப் பிடிச்சுக் கட்டிக்கிட்டே இருந்தாராம். தேடி வருவினும், எனக்க பெண்டாட்டி மணி எண்ணிக்கிட்டு இருப்பான்னு சொல்லிக்கிட்டே இருந்தாராம்."

ஜெசிந்தா எங்கள் அலுவலகத்துக்கு வந்தது புதன்கிழமை.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். பதினோரு ஊர்ப் பெண்கள் துணிக்கடை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். விசாரணை ஒன்று அமைத்தார்கள். வேலப்பன் சார் விசாரணையில் எதையும் மறைக்கவில்லை. நிறுவனம் என்மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னபோது, வரியை எழுதச் சொன்னது தான்தான் என்று எழுதிக் கொடுத்தார். நிறுவனத்திடம் அந்தப் பெண்கள் கேட்டது மிகச் சிறியது. நீங்கள் எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், மாற்றும் முன் எங்களிடம் சொல்லுங்கள், எங்களுக்குப் புரிகிறதா என்று எங்களில் ஒருத்தி படித்துப் பார்த்த பிறகு போடுங்கள். அந்த ஒருத்தியாக ஜெசிந்தாவை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள்.

அப்படித்தான் மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை அவர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேலை. கையில் அதே செல்போன். துணைக்கு வந்த ஷைனி எங்கள் ஏசியின் கீழே நின்று குளிர் வாங்கிக்கொண்டிருந்தாள்.

முதல் அறிவிப்பு. நான் எழுதியதை அவர் உரக்கப் படித்தார்.

"பயனர் அனுபவத்தை... இது ஆரு?"

"தளத்தைப் பாக்குறவங்க அக்கா. நீங்கதான்."

"அப்ப எங்களைன்னு போடு. மேம்படுத்தும் நோக்கில். இதை வெட்டு."

வெட்டினேன்.

"சில நடைமுறைகள். எது?"

"சிக்னல் இல்லாத படகுகளுக்கு இயந்திரம் ஓட்டிக் காட்டுற புள்ளிகளை எடுக்கப்போறோம்."

"வாயால சொல்லும்போ நல்லாத்தானே சொல்லுற. கையில எழுதும்போ உனக்கு என்ன வருது?"

ஷைனி அங்கிருந்தே சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். 'வரும் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி முதல், பெட்டியிலிருந்து சிக்னல் வராத படகின் புள்ளி படத்தில் தெரியாது. இதுவரை சிக்னல் இல்லாதபோது நீங்கள் பார்த்த புள்ளி படகு அல்ல. அது எங்கள் ஊகம். அதை உங்களிடம் சொல்லாதது எங்கள் தவறு.'

"தவறு இருக்கட்டும்," என்றார். பிறகு முதல் வரிக்குத் திரும்பிப் போனார். விரலை வைத்து மெதுவாகப் படித்தார். "சிக்னல் வராத படகுன்னா எல்லாமா?"

"எல்லாம்தான்கா."

"அலங்கார மாதாவும்?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் செல்போனைத் திருப்பிக் காட்டினார். விசாரணை முடியும்வரை எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு இருந்ததால், இயந்திரத்திடம் யாரும் எதையும் சொல்லவில்லை. நீலத்தின் மேல், அதே பெயருடன், அந்தப் பச்சைப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது.

"முப்பத்தெட்டாம் நாளு இந்தப் படத்துல கரைக்கு வந்தாரு," என்றார் ஜெசிந்தா, ஷைனிக்குக் கேட்காத குரலில். "வீட்டுல சவ அடக்கத்துக்கு ஒண்ணும் இல்லாம வெறும் படத்தை வச்சுப் பூசை முடிஞ்ச மறுவாரம். ஒம்பது நாளு துறையில கெடந்தாரு. மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேத்தம் கழிஞ்ச பெறவுதான் பொறப்பட்டாரு. எல்லா வருசமும் அப்படியாக்கும், கொடியேறாம போவமாட்டாரு. அதுவும் இந்த மிசினுக்குத் தெரிஞ்சிருக்கு."

"அக்கா..."

"அவரு இல்லன்னு தெரியும் பிள்ளே. எனக்குத் தெரியாமலா. சோறு வைக்கும்போ ஒரு மட்டம் பாப்பேன். தூங்கப் போகும்போ ஒரு மட்டம். இப்ப எங்க நிக்காருன்னு."

தெளிவாகச் சொல்வது நல்லது என்று மட்டும்தான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தெளிவான ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு கூர்மை இருக்கும் என்று நினைக்கவில்லை.

"இந்த ஒண்ணை மட்டும் விட்டு வைக்கலாம்கா. உங்க போன்ல மட்டும் தெரியுற மாதிரி. சார்கிட்ட நான் கேக்கேன். யாருக்கும் சொல்ல வேண்டாம்."



"ஆருக்கும் சொல்லாமலா?" என்றார்.

நான் தலை குனிந்தேன்.

"எழுது. எல்லாப் படகும்னு எழுது. மறந்துபோய் ஒருத்திக்கும் வேற மாதிரி தோணப்பிடாது." எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். "நாலு நாளு முன்னாடியே சொல்லியாச்சு இல்லியா. அது போதும். அதுக்குத்தானே வந்து உக்காந்தோம்."

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே விழித்துவிட்டேன். வீட்டுக்குள் முன்னும் பின்னும் நடந்தேன். ஐந்து நாற்பதுக்குச் செல்போன் அடித்தது. ஜெசிந்தா.

"பிள்ளே, போட்டுக்காரங்களே புள்ளியை அணைக்க ஒரு வழி உண்டா? பெட்டியில இல்ல. இந்தத் தளத்துல."

இருந்தது. பழுதுக்குக் கரையேற்றிய படகுகளைப் படத்திலிருந்து எடுப்பதற்கு. அந்தப் பொத்தானுக்குப் பெயர் வைத்தவளும் நான்தான். "உங்க பக்கத்துக்குப் போங்கக்கா. படகு பேரைத் தொடுங்க. கீழ பாருங்க, 'படகை மறை'ன்னு இருக்கும்."

"இருக்கு." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "நேத்து ராத்திரி முதலு மேல்பாருல நிக்காரு. கேரை உள்ள நேரம். நிக்கட்டும்னு பாத்துக்கிட்டு இருந்தேன். இந்த மிசினு ஒளியாது. ஆறு மணிக்கு நீங்க எடுத்தா அது காணாமப் போனதாக்கும். அவரு அப்படிப் போவப்பிடாது."

போன் அணைந்தது.

என் திரையில் படத்தைத் திறந்து வைத்திருந்தேன். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அரபிக்கடலில் ஒரு பச்சைப் புள்ளி இல்லாமல் போனது. சிக்னல் இல்லாத மற்றவை எட்டு நிமிடம் கழித்து, சொன்ன நேரத்தில், சொன்னபடி மறைந்தன.

ஷைனி என்னையும் அவர்கள் குழுவில் சேர்த்திருந்தாள். அதில் ஜெசிந்தாவின் பெயரில் ஒரு வரி வந்திருந்தது.

'தாசன் ஒளிஞ்சாச்சு.'

ஒரு நிமிடம் எதுவும் வரவில்லை. மேலத்துறையின் எல்லா அடுப்படிகளிலும் பெண்கள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு நிற்பதை என்னால் பார்க்க முடிந்தது. பிறகு ஷைனி எழுதினாள். மீன் கிட்டட்டும். கிளீற்றஸின் மனைவி எழுதினார். மீன் கிட்டட்டும். உயிரோடு திரும்பிய ஐந்து பேரின் வீடுகளிலிருந்து, திரும்பாதவர்களின் வீடுகளிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக அதே வரி வந்துகொண்டே இருந்தது.

நானும் தட்டினேன். இரண்டு சொற்கள். அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன்.